வெளியாள்

கைப்பை ஐந்தாவது தடவையாக உறுமி அடங்கியது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, அத்தைதான், கோகிலவாணியை இந்த நேரத்தில் தேடிக் கூப்பிட வேறு ஆள் கிடையாது, அத்தையும் இன்றைக்குத்தான் தேடுகிறாள், நேற்று வரைக்கும் தேடியதில்லை. கோகிலா பையை மடியிலிருந்து தூக்கிப் பக்கத்து இரும்பு நாற்காலியில் வைத்தாள், யாரோ மறந்துவிட்டுப் போன பை மாதிரி. மடியில் கேசரி டப்பா மட்டும் மிச்சம். அடிப்பாகத்துச் சூடு சேலையைத் தாண்டித் தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்குக் கொடு என்று அத்தை கட்டிக் கொடுத்தது. டாக்டரம்மாவைப் பார்த்தாகிவிட்டது, அவர் சொன்னதைக் கேட்டாகிவிட்டது, டப்பாவை மட்டும் நீட்ட முடியவில்லை, எதுக்கும்மா ஸ்வீட்டு என்று கேட்டால் என்ன சொல்வது, உங்கள் லேபில் இருக்கிற பெண் பாசிட்டிவ் என்று சொன்னாளே அதற்கு என்றா. அடுத்த தேதி எழுதின சீட்டை நர்ஸ் கொண்டுவந்து தரும்வரைக்கும் வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்திருக்கிறாள். தலையில் ஒரு முழம் கனகாம்பரம் கனத்தது, அதுவும் அத்தை வைத்துவிட்டதுதான், கொண்டை ஊசியைக் குத்தும்போது மண்டையில் பட்டது, ஸ் என்றதற்கு, வலிச்சுதா அம்மிணி என்று கேட்டாள். அம்மிணி. கல்யாணம் ஆன புதிதில் ஒன்றரை வருஷம் அம்மிணியாக இருந்தாள், அப்புறம் கோகிலா ஆனாள், அப்புறம் ஏ இந்தா ஆனாள், கடைசியில் பெயரே இல்லாமல், இந்த வீட்டுக்கு வந்தவ என்று மூன்றாம் ஆளிடம் சொல்லும்போது மட்டும் இருப்பவளாக ஆனாள். இன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு மறுபடியும் அம்மிணி. லேபிலிருந்து போன் வந்தது, புருஷன் சம்பத் சாயப்பட்டறைக்குப் போகும்போது செல்லை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவன், அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள், அத்தை எடுத்தாள். கோகிலா அப்போது பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள், ஆனாலும் அந்தக் குரலை அவளால் இப்போது அப்படியே சொல்லிக்காட்ட முடியும், ஸ்பீக்கரில் போட்டுத்தான் அத்தை பேசுவாள், பாதி மூக்கிலும் பாதி வாயிலுமாக ஒரு சின்னப் பெண், கோகிலவாணி வீடுங்களா, ரிசல்ட்டு பாசிட்டிவ் வந்திருக்குங்க, மேடம் நேர்ல வரச் சொன்னாங்க. அவ்வளவுதான். கொரோனா சமயத்தில் இதே வார்த்தைக்கு இதே தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள், அத்தை கதவைச் சாத்திக்கொண்டு வேப்பிலையைக் கட்டினாள், அது மறந்துவிட்டது, இன்றைக்கு அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம். பத்து நாளைக்கு முன்னால்தான் மூன்று நாள் மூலையில் தனித் தட்டு வைத்து உட்காரவைத்த அத்தை, மருமகள் தூரமாகும் தேதியை மருமகளைவிடச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கும் அத்தை, அந்த ஒரு வார்த்தையில் அத்தனையையும் மறந்துவிட்டு ஈரக் கையைப் பிடித்தாள். துணியப் போட்டுட்டு வா அம்மிணி, வாளியத் தூக்காத. அப்போதே சொல்லியிருக்கலாம். இல்லீங் அத்தை, அது அந்த டெஸ்டு இல்லீங், இது வேற. பத்து வார்த்தைகூட இல்லை. வாயைத் திறந்தாள், அத்தை தன்னுடைய சொந்த டம்ளரில் டீயை ஊற்றி நீட்டினாள், அந்த டம்ளரை இந்த ஆறு வருஷத்தில் கோகிலா தேய்த்திருக்கிறாள், குடித்ததில்லை. வாங்கிக் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

எதிர்ச் சுவரில் குண்டுக் குழந்தை ஒன்று முட்டைக்கோசுக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது, குழந்தை எங்கேயிருந்து வருகிறது என்று இந்த இடத்துக்கு வருகிறவர்களுக்கே தெரியக்கூடாது என்று நினைத்து மாட்டியிருப்பார்கள். கோகிலாவுக்கு இன்றைக்குத் தெரிந்துவிட்டது, வராமல் எங்கே நிற்கிறது என்று. டாக்டர் பிரேமலதாவுக்குத் தொண்டையில் எப்போதும் ஒரு கரகரப்பு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்த குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலில் ஓகேவா. பயப்பட ஒண்ணும் இல்லைம்மா, ஓகேவா. புருஷன் பெண்டாட்டி சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாப் பெண்கள் உடம்பும் வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்கு அனுப்பும், ஓகேவா, உடம்பைப் பொறுத்தவரைக்கும் புருஷனுடைய உயிரணு வெளியாள், வெளியாள் வந்தால் யார் என்று பார்க்கத்தானே செய்யும். கோடிக்கணக்கில் வரும், பெரும்பாலானதை வெள்ளை அணுக்கள் பிடித்துத் தின்றுவிடும், அது சண்டை இல்லை, பெருக்கித் துடைக்கிற வேலை, நொண்டி, சொத்தை, கூட வந்த கிருமி எல்லாம் போய்த் தேறினது கொஞ்சம் மேலே போகும், ஓகேவா. இன்னொன்றும் சொன்னார், வருகிற வெளியாளும் சும்மா வருவதில்லையாம், உடம்பைச் சமாதானப்படுத்துகிற சரக்கைக் கூடவே கொண்டுவருமாம், அதைப் பார்த்துப் பார்த்து உடம்புக்கு அந்த ஆள் பழகிவிடும், பழகினால் விட்டுக்கொடுக்கும். கேட்கக் கேட்க கோகிலாவுக்குத் தன்னுடைய மேஜை ஞாபகம் வந்தது. பனியன் கம்பெனியில் அவள் செக்கிங், ஒன்பது வருஷம், மேஜை முழுக்க வெள்ளை விளக்கு, எதிரில் மலையாகப் பீஸ் கொட்டுவார்கள், விரித்து, திருப்பி, இழுத்து, ஓட்டை இருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர், எண்ணெய்க் கறைக்கு ஒரு அம்பு, தையல் விட்டதற்கு ஒரு அம்பு, அம்பு விழுந்தது அந்தப் பக்கம், விழாதது இந்தப் பக்கம். செக்கிங்கில் இருக்கிற பொம்பளையை லைனில் ஒருத்தருக்கும் பிடிக்காது, வந்துட்டா பாரு குறை கண்டுபிடிக்கறவ என்பார்கள், ஆனால் அவள் விட்டுவிட்டால் வெளிநாட்டிலிருந்து மொத்த லாரியும் திரும்பி வரும். அப்படியானால் தன் உடம்புக்குள்ளேயும் ஒரு செக்கிங் மேஜை போட்டிருக்கிறார்கள், நல்லது, அங்கேயும் வெள்ளை விளக்குத்தான், நல்லது. உங்க கேஸ்ல என்னன்னா, என்று டாக்டர் பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஒரு தலையும் வாலும் வரைந்தார், பக்கத்தில் இன்னொரு தலை, இரண்டு தலையையும் ஒட்டவைத்து அடித்துக் கிறுக்கினார், உங்க ரத்தம் இதுக்குன்னே தனியா எதிர்ப்பு தயார் பண்ணி வெச்சிருக்கு, முகத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டு வந்ததும் போய் ஒட்டிக்குது, தலையோட தலை ஒட்டிக்கிட்டா வால் என்ன ஆட்டினாலும் நகராது, ஓகேவா. அதுதான் பாசிட்டிவ். அந்தப் படத்தை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார், பைக்குள்தான் இருக்கிறது, செல்போனுக்குப் பக்கத்தில், அத்தை கூப்பிடும்போதெல்லாம் அந்தத் தலைகளும் சேர்ந்து நடுங்கும். பை ஆறாவது தடவையாக நடுங்கியது. இந்த டெஸ்டு என்ன என்று போன செவ்வாய்க்கிழமையே டாக்டர் சொன்னார், அப்போது சம்பத்தும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான், நன்றாகத் தலையாட்டினான், அவன் கண் டாக்டர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் கர்ப்பப்பையின்மேல் இருந்தது, அதைக் கழற்றி மாட்டலாமா என்று பார்க்கிற கண். காலையில் பட்டறை டீ நேரத்தில் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். அம்மா சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். எதிர் முனையில் மிஷின் சத்தம், அப்புறம், சாப்டியா. ம் என்றாள். ஆறு வருஷத்தில் டீ நேரத்தில் அவன் கூப்பிட்டதில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில் ஒரு சொல் உள்ளே போயிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது. அவன் காதிலும் யாரோ நின்று ஒவ்வொரு சொல்லாக அம்பு ஒட்டித் தள்ளுகிறார்கள் போல.

மனதுக்குள் இப்படி ஆள் ஆளாகப் பேசுவது அவளுக்குப் புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் லீவு என்றால் மைக்கில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் இன்னைக்கு மத்தியானம் பள்ளி விடுமுறை என்று சொல்லி எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் கேட்டுக்கு அனுப்பினவள். கண்டக்டர், மேஸ்திரி, ஐஸ் வண்டிக்காரர், பிரசங்கம் பண்ணுகிறவர், எந்தக் குரலும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், நாக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளும். பெண் பார்க்க வந்தபோது சம்பத்தின் தங்கை புருஷன் பேசினதை அவர்கள் போன பிறகு அப்படியே பேசிக்காட்ட, பின்னால் குடையை எடுக்கத் திரும்பி வந்த சம்பத் கேட்டுவிட்டான், கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான், அதற்காகத்தான் அவனைக் கட்டினாள், சத்தியமாக வேறு காரணம் இல்லை. முதல் வருஷம் தினமும் ஒரு ஆள் கேட்பான், இன்னைக்கு நம்ம முதலாளி பண்ணு, இன்னைக்கு அந்தச் சீட்டுக்காரம்மா பண்ணு. இரண்டாம் வருஷம் ஒரு காதுகுத்து விருந்தில், எல்லாரும் கேட்கிறார்களே என்று, அத்தையைப் பண்ணினாள். எங்கூட்ல இப்படியெல்லாம் பழக்கமில்லீங்கோ. அந்த ‘ங்கோ’வை இழுக்கிற இழுப்பு, இழுத்து முடிக்கும்போது மோவாயைத் தோளில் இடிக்கிற இடி. பந்தியே சிரித்தது, அத்தையும் சிரித்தாள், வெள்ளைச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். மறுநாள் காலை சம்பத் சட்டைப் பித்தானைப் போட்டபடி அவளைப் பார்க்காமல் சொன்னான், இனிமே அந்த வேலை வேண்டாம், வந்த இடத்துல வந்த மாதிரி இருக்கணும். அது அவன் குரல் இல்லை. அவளுக்குத் தெரியாதா, அது அத்தை குரல், கொஞ்சம் கட்டையாக வந்தது. அதோடு நின்றது. குரல்களெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன, வெளியே வர வழியில்லாமல் ஒன்றோடு ஒன்று தலை ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டுகின்றன. டாக்டர் படம் வரைந்தபோது சிரிப்பு வந்தது இதனால்தான். வந்த இடம். வந்தவ. வெளியாள். ஒரு வீடு தனக்குள் வந்த பெண்ணை என்ன செய்யுமோ அதைத்தான் இந்த உடம்பும் செய்கிறது, முதலில் சுற்றி நின்று பார்க்கும், நொண்டியா சொத்தையா என்று இழுத்துப் பார்க்கும், வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு ஒன்று எப்போதும் பக்கத்திலேயே நிற்கும், குழம்பில் உப்பு, கோலத்தில் கோணல், சிரிப்பில் சத்தம், அம்பு அம்பாக ஒட்டும், பழகினால் விட்டுக்கொடுக்கும் என்பது டாக்டர் கணக்கு, ஆறு வருஷமாகிறது, இந்த வீட்டு ரத்தம் இன்னும் பழகவில்லை. டாக்டர் குறித்துக் கொடுக்கும் பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினாலாம் நாள் மத்தியானங்களில் சம்பத் பாதி ஷிப்டில் வருவான், அத்தை மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்புவாள், கிளம்பும்போது வாசலில் நின்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, நான் வர ஆறு மணியாகுமுங்கோ என்பாள். எதிர்வீட்டம்மா ஆகட்டுங் என்பாள். மொத்தத் தெருவும் ஆகட்டுங் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். சம்பத் உடம்பில் சாய மருந்து வாடை, கழுவினாலும் போகாது, நகக்கண்ணில் அன்றன்றைய நிறம், பச்சை நகம், சிவப்பு நகம், ஒரு நாள் கருநீலம். பேசமாட்டான். முடிந்ததும் கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் படுத்திரு என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதை மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவான். சுவரில் கால் வைத்துப் படுத்துக்கொண்டு அவள் காத்திருப்பாள், உள்ளே அப்போதுதான் கூட்டம் கூடியிருக்கும், வெள்ளை வெள்ளையாக, மேஜை போட்டு, விளக்குப் போட்டு. அவளுக்குத் தெரியாது. அவளைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளோ, இவரை விட்டுடுங்க, நம்ம ஆள்தான் என்று.

சொல்லியிருப்பாளா. இங்கேதான் வந்து வந்து நிற்கிறது, நூல் முடிச்சில் ஊசி நிற்கிற மாதிரி. உடம்புக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பதினாலாம் நாள் மத்தியானம், மூன்றாம் வருஷமாக இருக்கலாம், அவன் கழுத்தடியில் முகம் புதைந்திருக்கும்போது அவள் மனதுக்குள் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது, யார் இது. அவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை, வாசல் மணி அடித்தால் உள்ளே இருந்தபடி கேட்போமே, யாரது, அந்த மாதிரி. அதை ரத்தம் கேட்டுவிட்டதோ. கேட்டு, சரிம்மா, நான் பார்த்துக்கறேன் என்று அன்றிலிருந்து ஆள் பிடிக்க ஆரம்பித்ததோ. டாக்டரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள், மனசுல ஒட்டலைன்னா இப்படி ஆகுமுங்களா. டாக்டர் சிரித்தார். மனசுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைம்மா, புருஷன்மேல உயிரையே வெச்சிருக்கிறவங்களுக்கும் வருது, ஓகேவா. நிம்மதியாகத்தானே இருக்கவேண்டும். இல்லை, சப்பென்று போனது. அவளுக்கு ஒரு நிமிஷம், அந்தக் கிறுக்கல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு நிமிஷம், பெருமையாகக்கூட இருந்தது. இந்த ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னது அவள் ரத்தம்தான், வாய் சொன்னதில்லை, வாய் ஆகட்டுங் என்றது, சரிங் அத்தை என்றது. அதுவும் அவள் சொன்னது இல்லையாம். அதற்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லையாம். வைத்தியம் இருக்கிறது என்றும் சொன்னார், அந்தக் காலத்தில் புருஷனை ஆறு மாசம் உறை போட்டுக்கொள்ளச் சொல்லுவார்கள், ஆளைப் பார்க்காமல் இருந்தால் உடம்பு அந்த முகத்தை மறந்துவிடும் என்று, இப்போது அதெல்லாம் வேண்டாம், எடுத்து, கழுவி, நேராக உள்ளே கொண்டுபோய் வைத்துவிடலாம், வாசல் வழியாகவே போகவேண்டியதில்லை. கழுவி. கம்பெனியிலும் அப்படித்தான், கறை பட்ட பீஸைத் தூக்கிப் போடமாட்டார்கள், வாஷிங்குக்கு அனுப்பி, அம்பை உரித்துவிட்டு, மறுபடியும் அவள் மேஜைக்கே வரும். ஒண்ணு ரெண்டு தடவை முயற்சி பண்ணலாம், நல்ல வாய்ப்பு இருக்கு, வீட்ல பேசிட்டு வாங்க. வீட்ல பேசிட்டு. வீட்டில் என்ன பேசுவார்கள் என்று கோகிலாவுக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரியும். அவிநாசிப் பக்கம் சம்பத்துக்கு ஒன்றுவிட்ட மாமன் மகள் ஒருத்தி இருக்கிறாள், மூன்று வருஷமாக இருக்கிறாள், அத்தை வாயில் அவள் பெயர் நேராக வந்ததில்லை, அந்தப் புள்ளைக்கு இன்னும் அமையலையாமா என்று சும்மா காற்றில் விடுவாள், சம்பத் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவான். இதுவரைக்கும் அத்தைக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை, எல்லா டெஸ்டும் சரியாக இருந்தது, இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, நேரம் வரணும் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அத்தை கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். இன்றைக்குக் காரணம் வந்துவிட்டது, பெயரோடு, முத்திரையோடு. என்ற பையன் வம்சத்தை இவ ரத்தம் கொல்லுதாம். கோகிலாவுக்கு அந்த வாக்கியம் இப்போதே அத்தை குரலில் கேட்டது, இழுப்போடு, மோவாய் இடியோடு. ஆனால் அம்மிணி என்றாளே. டம்ளரில் டீ கொடுத்தாளே. ஊசி குத்தினதற்கு மண்டையைத் தடவிவிட்டாளே, அந்த விரல் எண்ணெய்ப் பிசுக்கோடு காதுக்குப் பின்னால் ஒரு நொடி நின்றதே, அது மருமகளுக்கு இல்லையா, கொஞ்சம்கூடவா இல்லை, ஒரு சொட்டுக்கூடவா. அது தெரிந்தால் போதும். அது ஒன்று தெரிந்தால் வீட்டுக்கு எந்தக் காலை எடுத்துவைத்துப் போவது என்று தெரிந்துவிடும்.

ஏழாவது தடவை பை உறுமியபோது எடுத்தாள். அந்தப் பக்கம் எண்ணெயில் ஏதோ பொரிந்தது, கரண்டி வாணலியில் தட்டுப்பட்டது, வெல்லக் கச்சாயம் போடுகிறாள், தெருவுக்கே கொடுப்பதற்கு. எத்தன தடவ அம்மிணி கூப்புடறது, டாக்டரம்மா என்ன சொன்னாங்க, எத்தனாவது நாளாம், பஸ்ஸுல வராத, ஆட்டோ புடிச்சு வா. இல்லீங் அத்தை என்று ஆரம்பித்தாள். அத்தை சத்தம் மாறியது. என்ன இல்லீங், ஏதாச்சும் கொறையா, டாக்டரம்மா பக்கத்துல இருந்தா குடு, நானே கேட்டுக்கறேன். டாக்டரம்மா கதவுக்கு அந்தப் பக்கம் வேறு யாருக்கோ தலையும் வாலும் வரைந்துகொண்டிருந்தார். கோகிலா போனைக் காதிலிருந்து எடுத்தாள், மூன்று எண்ணும் நேரம் வைத்திருந்தாள், மறுபடியும் காதில் வைத்தாள். நாலு வருஷமாகத் திறக்காத பெட்டி, கை போனதும் குரல் மேலாகவே இருந்தது.

“டாக்டர் பிரேமலதா பேசறேம்மா, சொல்லுங்க.”

கரகரப்பு உட்பட வந்தது. எதிரில் இருந்த ஒரு பெண் சட்டென்று டாக்டர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கும்புடறனுங்க டாக்டரம்மா என்றாள் அத்தை, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அதற்கப்புறம் டாக்டர் பிரேமலதா எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை, லேபில் சொன்னது அந்தப் பாசிட்டிவ் இல்லை, ஓகேவா, உங்க மருமக உடம்புல காவல் கொஞ்சம் ஜாஸ்தி, எல்லாப் பொம்பளை உடம்பும் செய்யறதுதான், இவங்க உடம்பு கூடுதலா செய்யுது, அவங்க மேல தப்பே கிடையாது, வைத்தியம் இருக்கு, கழுவி வெச்சுக்கலாம், ஓகேவா. சொல்லச் சொல்ல கோகிலாவுக்கே அந்தக் குரலின்மேல் நம்பிக்கை வந்தது, இத்தனை அழகாகத் தன்னைப் பற்றி யாரும் பேசி அவள் கேட்டதில்லை, அவங்க மேல தப்பே கிடையாது என்பதை வேண்டுமென்றே இரண்டாம் தடவையும் சொன்னாள். அந்தப் பக்கம் எண்ணெய் மட்டும் பொரிந்தது. அத்தை அழுகிறாளோ என்று நினைத்தாள். பாவம் அந்தப் புள்ள என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள், நிஜமாகவே நினைத்தாள், அதற்கு டாக்டர் என்ன பதில் சொல்லவேண்டும் என்றுகூட நாக்கு தயார் பண்ணிக்கொண்டது. அப்புறம் அத்தை குரலை இறக்கினாள், போனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரல், ஆறு வருஷத்தில் கோகிலா கேட்டிராத பணிவு.

“அவகிட்டச் சொல்லீறாதீங்க டாக்டரம்மா, உங்ககிட்டங்கறதால கேக்கறன். என்ற பையனுக்கு வேற எடத்துல பொண்ணெடுத்தா, அந்த ஒடம்பு சேத்துக்குமுங்களா?”

கனகாம்பரம் ஒன்று உதிர்ந்து கேசரி டப்பா மூடியில் விழுந்தது. சேத்துக்குமுங்களா. என்ன ஒரு நல்ல கேள்வி, டாக்டர் பிரேமலதாவிடம் யாராவது கேட்டால் சேர்த்துக்கொள்ளும் என்றுதான் சொல்லவேண்டியிருக்கும், ஒவ்வொரு ரத்தமும் வேறு வேறுதானே, ஓகேவா. கோகிலா குரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். டாக்டர், வேண்டாம். லேபில் இருக்கிற மூக்குப் பெண், பாசிட்டிவ்ங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம், வேண்டாம். ஹெட்மிஸ்ட்ரஸ், இன்னைக்கு மத்தியானம் விடுமுறை, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், வேண்டாம். அத்தையின் குரலையே எடுத்து அத்தைக்குத் திருப்பிக் கொடுக்கலாம், இழுப்பும் இடியுமாக, எங்கூட்ல இப்படியெல்லாம் பழக்கமில்லீங்கோ, அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது, வந்து இனித்தது, அதற்கும் ஒரு அம்பை ஒட்டி அந்தப் பக்கம் தள்ளினாள். மேஜையில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. விரித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், போட்டுப் பழகாததால் மடிப்புக் கலையாமல் இருந்தது, ஓட்டை இல்லை, கறை இல்லை.

“நான் கோகிலவாணிதானுங் அத்தை பேசறேன். இவ்வளவு நேரமும் நான்தான் பேசினேன்.”

அந்தப் பக்கம் கச்சாயம் கருகுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.